இன்று என்ன வரைவது? பொழுதுபோக்காக வரைபவர்களுக்குச் சில வழிகள், ஓர் ஒப்பீடு

வரைவதற்கு அரைமணி நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. நோட்டும் பேனாவும் இருக்கின்றன, அல்லது ஸ்டைலஸுடன் ஒரு டேப்லெட் இருக்கிறது. ஆனால் என்ன வரைவது என்று யோசிப்பதிலேயே அதில் பாதி நேரம் போய்விடுகிறது. தேர்வுக்கோ தொழிலுக்கோ வரைபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு; என்ன வேண்டும் என்பதை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். ஆசைக்காக, சும்மா வரைபவர்களைத்தான் வெற்றுத்தாள் மிரட்டுகிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தூண்டுதல் தேட இன்று வழிகள் ஏராளம். அவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்விகள் இரண்டு. உட்கார்ந்த பிறகு முதல் கோடு எவ்வளவு சீக்கிரம் விழுகிறது? முடித்துவிட்டுப் பார்க்கும்போது, தொடங்கிய வேளையில் மனதில் இல்லாத ஏதாவது தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறதா? இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதில் விளையாட்டு ஏது? திறமை வளர்கிறதா என்பதை அதற்கப்புறம்தான் பார்க்கிறேன். தினமும் கை ஓடினால் திறமை தானாக வரும்.

என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கறையிலிருந்து வரைவதுதான், அதாவது தாளில் ஒரு கறையை உண்டாக்கி அதில் தெரியும் உருவத்தை வரைவதுதான் முதல் வழி. ஓரளவு கை பழகியவர்களுக்கு விடுகதையும் பழமொழியும். வெளியே போய் நேரில் பார்த்து வரைவதற்கு இணை வேறில்லை, ஆனால் அதற்கு வேறு மாதிரியான நேரம் வேண்டும். நாளுக்கு ஒரு சொல் கொடுத்து வரையச் சொல்லி இணையத்தில் சுற்றும் மாதப் பட்டியல்கள் கூட்டாளி தேடுபவர்களுக்கு உதவும். படத்தொகுப்புத் தளங்களை நான் கடைசியில்தான் வைப்பேன்.

பார்த்துக்கொண்டே இருப்பது

பெரும்பாலானவர்கள் முதலில் போய் நிற்பது பின்டரெஸ்ட் போன்ற படத்தொகுப்புத் தளங்களில்தான். ஒரு படத்தைத் தொட்டால் அதன் சாயலில் இருபது படங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் அழகு. முதல் கோடு மட்டும் விழுவதே இல்லை. போதாக்குறைக்கு, அங்கே இருப்பவை எல்லாம் மற்றவர்கள் முடித்துவைத்த படங்கள். முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு நோட்டைத் திறக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தியும் கூடவே வந்துவிடுகிறது. ஆட்டின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும், ஆட்டோவின் முன்கண்ணாடி எவ்வளவு சாய்ந்திருக்கும் என்று சரிபார்க்க இந்தத் தளங்கள் நல்ல துணை. என்ன வரைவது என்று கேட்டு அங்கே போகக் கூடாது என்பதே என் கருத்து.

அப்படியும் படம் பார்த்துத்தான் தொடங்குவேன் என்பவர்கள் அருங்காட்சியகங்களின் இணையதளங்களுக்குப் போகலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், காப்புரிமை முடிந்த படைப்புகளின் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை 2017இல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதில் முழுசாக இருக்கும் பொருட்களை விட்டுவிடுங்கள். மூக்குடைந்த சிலை, பாதி மட்டும் மிஞ்சிய ஜாடி, கை போன பொம்மை என்று தேடுங்கள். காணாமல் போன பகுதியை வரைந்து நிரப்புவதுதான் உங்கள் வேலை. அந்தக் கை இருந்திருந்தால் எதைப் பிடித்திருக்கும்? சீப்பா, அரிவாளா, செல்பேசியா? இந்தக் கேள்வி எழுந்ததும் பேனா நகரத் தொடங்கிவிடும்.

நாளுக்கு ஒரு சொல்

மாதப் பட்டியல்களில் பெயர்பெற்றது இங்க்டோபர். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தன் சொந்தப் பயிற்சிக்காகத் தொடங்கியது அது. அக்டோபரின் 31 நாட்களும் நாளுக்கு ஒரு மைச் சித்திரம். 2016இலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல் கொடுக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. இதைப் பார்த்துப் பிறந்த பட்டியல்கள் இன்று மாதத்துக்கு ஒன்றாவது கிடைக்கும்.

இதன் பலம் கூட்டம். அன்றைக்கு அதே சொல்லை எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு சோம்பலை விரட்டும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. "மீன்" என்று சொல் வந்தால் நம் எல்லோருடைய மனதிலும் பக்கவாட்டில் நீந்தும் ஒரே மீன்தான் முதலில் தோன்றுகிறது. அதை வரைந்துவிட்டு எழுந்துவிடுகிறோம். இரண்டு நாள் விட்டுப்போனால் பாக்கி சேர்கிறது. பாக்கி சேர்ந்ததும் ஆசை கடமையாகிறது. இரண்டாம் வாரத்தில் பலர் நின்றுபோவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பட்டியலைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டை மோதவிட்டால் போதும். இன்றைய சொல்லையும் பட்டியலின் கடைசிச் சொல்லையும் சேர்த்து ஒரே படமாக்குங்கள். மீனும் ஏணியும் என்றால், மீனுக்கு எதற்கு ஏணி என்று மனம் கதை கட்டத் தொடங்கும்.

வரையச் சொல்லும் விடுகதைகள்

கதை கட்டுவதற்கு என்றே நம்மிடம் ஒரு களஞ்சியம் இருக்கும்போது அயலூர்ப் பட்டியல்களைத் தேடிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விடுகதையைச் சொன்னேன். "அம்மா படுத்திருப்பாள், மகள் ஓடித் திரிவாள்." விடை அம்மியும் குழவியும் என்பது நமக்குத் தெரியும். விடையை மட்டும் வரைந்தால் இரண்டு கற்கள்தான் கிடைக்கும். விடுகதையையும் விடையையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள். கல்லாலான அம்மா ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், முகத்தில் நாள் முழுக்க மிளகாய் அரைபட்ட எரிச்சல். அவள் முதுகின் மேல் இரட்டைச் சடை போட்ட குழவி இங்கும் அங்கும் ஓடுகிறாள். "பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்துக்கள்" என்றால் வெண்டைக்காய். நகைக்கடையில் விற்பனையாளர் சிவப்பு வெல்வெட் துணியின் மேல் ஒரு வெண்டைக்காயைப் பக்குவமாகத் திறந்து காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழமொழி இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டியலின் ஒற்றைச் சொல் நமக்கு ஒரு பொருளைக் கொடுக்கும். பழமொழியோ ஒரு நிகழ்ச்சியையே கொடுக்கிறது. யாரோ எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள். "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்பதில் மழை இருக்கிறது, இரண்டு பாத்திரங்கள் இருக்கிறார்கள், கள்ளக் கண்ணீரும் இருக்கிறது. ஓநாயின் கையில் குடை உண்டா? உண்டென்றால் அதை யாருக்குப் பிடித்திருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்தது "கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை". தாளை ஆறு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் கழுதை, ஆறாவதில் கட்டெறும்பு. இவை இரண்டும் யாருக்கும் தெரிந்தவை. நடுவே இருக்கும் நான்கு கட்டங்களை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. நீண்ட காது இரண்டும் எந்தக் கட்டத்தில் உணர்கொம்பாகும்? இடுப்பு எப்போது இறுகி மூன்று துண்டாகத் தெரியும்? வால் தேயுமா, அறுந்து விழுமா? கழுதைக்கு நான்கு கால், எறும்புக்கு ஆறு; அந்த இரண்டு கால்கள் எங்கிருந்து முளைக்கும்? மூன்றாவது கட்டத்துக்கு வரும்போது இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதிலை மனம் சொல்லாது, கோடுதான் சொல்லும். டேப்லெட்டில் இது இன்னும் சுகம். ஒவ்வொரு கட்டத்தையும் தனி லேயராக (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்ற அடுக்காக) வைத்து, முந்தைய லேயரை மங்கலாக்கி, அதன் மேல் அடுத்ததை வரைந்துகொண்டே போகலாம். லேயர்களை வரிசையாக ஓடவிட்டால் கழுதை கண்முன்னே தேயும்.

இதில் ஒரு தடை உண்டு. கழுதையையே வரையத் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு இந்த வழி முதல் நாளே அச்சம் தரலாம். அவர்களுக்குத்தான் அடுத்தது.

கறையில் இருந்து

கறை படிந்த சுவரை உற்றுப் பாருங்கள், அதில் மலைகளும் ஆறுகளும் மரங்களும் போர்க்களங்களும் தெரியும் என்று லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்தார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓவிய ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் கோசன்ஸ் இதை ஒரு பாடமுறையாகவே மாற்றினார். தூரிகையில் மையை எடுத்து, நுணுக்கம் பார்க்காமல், தாளில் வேகமாகக் கறைகளை இட வேண்டும். வேண்டுமானால் தாளை முதலில் கசக்கி விரித்துக்கொள்ளலாம். பிறகு கறையின் மேல் ஊடு தெரியும் தாளை வைத்து, கறை காட்டும் வழியில் நிலக்காட்சியை வரைய வேண்டும். 1785 வாக்கில் அவர் இந்த முறையை விளக்கி வெளியிட்டார். எழுத்தாளர் விக்டர் ஹியூகோ மை, காப்பி, கரி என்று கைக்கு வந்ததை எல்லாம் தாளில் பரவவிட்டு, அதிலிருந்து கோட்டைகளையும் கடல்களையும் எடுத்தார். அவர் விட்டுச்சென்ற சித்திரங்கள் ஏறக்குறைய 4,000.

நம் வீட்டில் இதற்கு வேண்டியது காலையில் மிச்சமான டிகாக்‌ஷன். கொஞ்சம் தடித்த தாளில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, தாளை ஒருபுறம் சாய்த்து ஓடவிட்டு, அப்படியே காயவிடுங்கள். காய்ந்ததும் கறையின் நடுப்பகுதி வெளிறியும் விளிம்பு அடர்ந்தும் இருக்கும். துளியின் ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் ஓரத்துக்குப் பாய்கிறது. கூடவே காப்பித் துகள்களும் போய் அங்கே படிகின்றன. ஆக, நீங்கள் பேனாவைத் தொடுவதற்கு முன்பே ஓர் எல்லைக்கோடு தாளில் தயாராக இருக்கிறது. வெற்றுத்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒருபுறம் வைத்தால் வாத்து, தலைகீழாக வைத்தால் மூட்டை சுமந்து போகும் கிழவர். ஏதோ ஒன்று தெரிந்ததும் முதலில் கண்ணை வையுங்கள். ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் அது விழுந்ததும் முகம் எந்தப் பக்கம், உடம்பு எந்தப் பக்கம் என்பது முடிவாகிவிடும். பிறகு கால்கள். கடைசியில், கையில் என்ன வைத்திருக்கிறது என்பது. கறைக்குள் கோடு போட்டு அதைக் கெடுக்காதீர்கள். கோடுகள் வெளியே நிற்கட்டும்.

திரையில் இதைச் செய்வது எளிது, ஆனால் ஒரு குறை இருக்கிறது. கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா, ஐபேடுக்கான புரோகிரியேட், செல்பேசியில் ஐபிஸ் பெயிண்ட் ஆகிய மூன்றிலும் லேயர்கள் இருக்கின்றன. அடியில் ஒரு லேயரில் அகலமான பிரஷ்ஷால் தாறுமாறாக நான்கு வீச்சு, அதை மங்கலாக்கி மேலே புது லேயர். கோசன்ஸ் பயன்படுத்திய ஊடு தெரியும் தாள் இதுதான். குறை என்னவென்றால், திரையில் நம் கை செய்ததுதான் விழும். சாய்வு, ஈரம், காய்தல் எதுவும் அங்கே இல்லை. பிடிக்கவில்லை என்றால் உடனே அழித்துவிட்டு வேறு கறை போடலாம் என்பது இன்னும் பெரிய கெடுதி, ஏனென்றால் பிடிக்காத கறைதான் பெரும்பாலும் நல்ல படத்தைத் தருகிறது. அதனால் கறையைத் தாளில் உண்டாக்கி, செல்பேசியில் படம் எடுத்து, அதை அடி லேயராக வைத்து மேலே டிஜிட்டலில் வரையுங்கள். இரண்டு பக்கத்தின் நல்ல குணமும் இதில் சேருகிறது. ஒரே கறையின் மேல் பத்துப் படம் வரையலாம் என்பது கூடுதல் லாபம்.

நாளாக ஆக எல்லாக் கறையும் பறவையாகவோ முக்காடு போட்ட கிழவியாகவோ தெரியத் தொடங்கும். அப்போது ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாரம் முழுக்க வண்டி வாகனங்கள் மட்டும், அடுத்த வாரம் கட்டடங்கள் மட்டும். கண் பழைய தடத்திலிருந்து விலகிவிடும்.

நேரில் பார்த்து

தெருவில் உட்கார்ந்து வரைபவர்களை உலக அளவில் இணைத்தது அர்பன் ஸ்கெட்சர்ஸ் அமைப்பு. சியாட்டில் பத்திரிகையாளர் காப்ரியல் கம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய குழுவிலிருந்து அது வளர்ந்தது. புகைப்படத்தைப் பார்த்து வரையாமல், இருக்கும் இடத்திலேயே கண்ணால் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர்களின் அடிப்படை விதி. கை தேறுவதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. கறையும் விடுகதையும் கொடுக்காத ஒன்றை இது கொடுக்கிறது: ஒரு வாழைத்தார் உண்மையில் எப்படித் தொங்குகிறது என்ற அறிவு. ஆனால் வெயில், பயண நேரம், எட்டிப் பார்ப்பவர்கள் எல்லாம் சேர்ந்து இதை விடுமுறை நாள் வேலையாக்கிவிடுகின்றன. எதிரே இருப்பதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற கவனத்தில் குறும்புக்கும் இடம் குறைகிறது.

சிற்பியே குறும்பு செய்திருக்கும் இடங்களைத் தேடிப் போனால் இந்தக் குறை தீரும். மாமல்லபுரத்தின் பெரிய புடைப்புச் சிற்பத்தில், கடுந்தவம் செய்யும் முனிவர் ஒருபுறம் இருக்க, அதே கோலத்தில் முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பூனையும் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பலர் யானைகளைப் பார்த்துவிட்டு அந்தப் பூனையைத் தவறவிடுகிறார்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறது. ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை, மற்றதை மறைத்தால் யானை. அதன் முன் உட்கார்ந்து தலையை மட்டும் வரையுங்கள். எந்த வளைவு யானைக்குத் துதிக்கையாகவும் காளைக்கு வேறொன்றாகவும் இருக்கிறது என்று கோட்டால் கண்டுபிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சேவலுக்கும் மீனுக்கும் பொதுவாக ஒரு தலை செய்து பாருங்கள். இந்த ஒரு பயிற்சிக்காகவே தாராசுரம் போகலாம்.

புள்ளியும் சமச்சீரும், பிற சிலவும்

முதல் கோடு எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்ற கேள்வியை மட்டும் கேட்டால் கோலம்தான் ஜெயிக்கும். புள்ளி வைத்துவிட்டால் கை தானாக ஓடும். கோலத்தின் விதிகள் கணினிக்கும் பிடிபடுபவை: சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து எழுதினார். மேலே சொன்ன மூன்று செயலிகளிலும் சமச்சீர் வசதி இருக்கிறது. ஒரு பக்கம் கோடு இழுத்தால் மற்றப் பக்கங்களிலும் அதே கோடு விழும். முதல் நாள் மாயம்போல் இருக்கும். ஆனால் எதை இழுத்தாலும் அழகாகிவிடுவதால் சில நாட்களில் எல்லாப் படமும் ஒன்றுபோலத் தெரியும். கையும் எதையும் கற்காது. ஆகவே சமச்சீரை அணைத்துவிட்டு, ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து, சிக்குக் கோலத்தைக் கையாலேயே இழுங்கள். ஏதாவது ஒரு வளையத்தை நத்தையாக்கி விடுங்கள். அந்த நத்தை எந்தப் புள்ளியைச் சுற்றிப் போகிறதோ அதைத் தொடர்ந்து மற்ற வளையங்கள் மாறிக்கொண்டே வரும்.

கூகுள் 2016இல் வெளியிட்ட குவிக் டிரா விளையாட்டு 20 விநாடியில் ஒரு பொருளை வரையச் சொல்லி, அது என்னவென்று கணினியை ஊகிக்கவைக்கிறது. இறுகிய கையைத் தளர்த்த ஐந்து நிமிடம் ஆடலாம், அவ்வளவே. செயற்கை நுண்ணறிவிடம் படம் கேட்டு அதைப் பார்த்து வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்பாராதது அதில் வரும்தான். ஆனால் அது நம் கையிலிருந்து வந்ததாக இருக்காது.

தனியாக அல்லாமல்

இதுவரை சொன்னவை தனியாக வரைபவருக்கு. வீட்டில் குழந்தைகளோ வரையும் நண்பர்களோ கூடினால் மடித்த தாள் விளையாட்டை விட்டு வேறெதையும் எடுக்க வேண்டாம். கனவுபோன்ற, எதிர்பாராத சேர்க்கைகளை நாடிய பாரிஸின் சர்ரியலிசக் கலைஞர்கள் 1925இல் சொல்விளையாட்டாகத் தொடங்கி, பிறகு சித்திரத்துக்குக் கொண்டுவந்தது இது. தாளை மூன்றாக மடித்து, முதல் ஆள் தலையை வரைந்து மறைத்துக் கொடுக்க, அடுத்தவர் உடலையும் மூன்றாமவர் காலையும் வரைவார்கள். முந்தையவர் வரைந்தது யாருக்கும் தெரியாது. இணைப்புக் கோடுகள் மடிப்பைத் தாண்டி நகக்கண் அளவு கீழே இறங்கியிருக்க வேண்டும்; அதைவிட அதிகமாகக் காட்டினால் அடுத்தவர் ஊகித்துவிடுவார், காட்டவே இல்லையென்றால் கழுத்தும் உடலும் சேராது. டேப்லெட்டில் ஆடினால் வரைந்த லேயரை மறைத்து, அந்த இணைப்புக் கோடுகளை மட்டும் புது லேயரில் வைத்துக் கைமாற்றலாம். எல்லோரும் தலைக்குத்தான் போட்டி போடுவார்கள். வீட்டிலேயே சின்னவருக்குக் கால்களைக் கொடுங்கள். கால் எத்தனை என்று மட்டும் சொல்லாதீர்கள்.